ஐந்து மாரி கண்ட கள்ளிச் சாடிகள்

கள்ளி வளர்ப்பைப் பற்றி யாரைக் கேட்டாலும் குளிர்காலத்தில் தண்ணீரை நிறுத்து என்றுதான் சொல்வார்கள். ரொறன்ரோவில் இருக்கும் மச்சாளும் அதையே சொன்னாள். அவள் ஐப்பசியில் ஒருமுறை தண்ணீர் விட்டால் அடுத்தது பங்குனியில்தான். அதுவரை சாடிகள் குளிர்ந்த யன்னலோரத்தில் காய்ந்தபடி உறங்கும். சரி, நானும் நிறுத்தினேன். ஆனால் யாழ்ப்பாணத்தில் நான் நிறுத்தி என்ன? ஐப்பசி வந்துவிட்டால் வாளி வானத்தின் கையில் அல்லவா இருக்கிறது.

2020 மார்கழியில் புரெவிப் புயல் வந்த கிழமை என்னுடைய பதினாலு சாடிகளும் முற்றத்து மதிலோரம் நின்றன. மழை விட்ட பிறகு பார்த்தால் எல்லாம் கொழுத்து, முன்னையைவிட வடிவாக இருந்தன. புழுகத்தில் படம்கூட எடுத்து மச்சாளுக்கு அனுப்பினேன். தையில் ஒருநாள் சாடியைத் துடைக்கலாம் என்று ஓர் உருண்டைக் கள்ளியைப் பேப்பர் சுற்றிப் பிடித்தேன். வேரை விட்டுக் கையோடு வந்துவிட்டது. அடிப்பக்கம் அளவுக்கு மிஞ்சிப் பழுத்த பப்பாசிபோல் குழைந்து, புளித்த மணம். மேலே ஒரு முள்கூட வாடவில்லை. அந்த மாரியில் ஒன்பது போயின.

அடுத்த வருசம் பொலித்தீனால் மூடினேன். அது இன்னும் மோசம். உள்ளே ஆவி படிந்து சொட்டியது, காற்றோட்டம் இல்லாமல் பூஞ்சணம் பிடித்தது. மூன்றாம் வருசம் எல்லாவற்றையும் விறாந்தைக்குள் ஏற்றினேன். அழுகவில்லை, ஆனால் மப்பு வெளிச்சத்தில் நுனி மெலிந்து வெளிறி நீண்டது. ஒரு தூண்கள்ளிக்கு இன்றைக்கும் இடுப்பை இறுக்கிக் கட்டின மாதிரி நடுவில் ஒடுக்கம். அந்த ஒடுக்கம் இனி மாறாது.

இப்போது நாலு கம்பு நட்டு, மேலே ஒளி ஊடுருவும் கூரைத் தகடு போட்டிருக்கிறேன். பக்கங்கள் திறப்பு. வாடைக்காற்று சாரலை அடிக்கும் வடகிழக்குப் பக்கம் மட்டும் தகட்டை ஒன்றரை அடி கூடுதலாக நீட்டி விட்டேன். செலவழித்ததில் பிரயோசனமானது இதுதான்.

மண்ணையும் மாற்ற வேண்டியிருந்தது. நம்முடைய செம்மண் வெங்காயத்துக்கு நல்லது, சாடிக்குள் நனைந்தால் களிபோல் இறுகிவிடும். இப்போது ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய எரு, மூன்று பங்கு சிறுசல்லியும் உமிக்கரியும். கடற்கரை மணல் உப்பு, அதைத் தொடுவதில்லை.

கூரை வந்தபின் தண்ணீர் விடும் பொறுப்பு திரும்ப என்னிடம். நாள்கணக்கு வைத்துப் பார்த்தேன், சரிவரவில்லை. கள்ளி இரவில்தான் மூச்சுத்துளைகளைத் திறக்கும். காற்றே ஈரமாக இருக்கும் மாரியில் அது இழக்கும் நீரும் குறைவு, சாடி காயவும் நாளாகும். ஆகவே விளக்குமாற்றில் ஓர் ஈர்க்கை உருவி, சாடியின் அடிவரை குத்தி, பத்து நிமிடம் விட்டு எடுத்துப் பார்ப்பேன். நுனி கறுத்து மண் ஒட்டினால் விடுவதில்லை. போன மாரி முழுக்க, மூன்று நாலு நாள் தொடர்ந்து வெயில் காட்டிய இடைவெளி பார்த்து, காலையில் இரண்டே தரம் விட்டேன். ஒரு சாடிக்கு அரைச் சிரட்டை.

கிணற்றுத் தண்ணீர் ஊற்றுவதையும் நிறுத்தியாயிற்று. சுண்ணாம்புக்கல்லில் ஊறி வரும் தண்ணீர், கேத்தலில் படிவதுபோல் கள்ளியின் அடியிலும் வெள்ளையாகப் படிகிறது. அதனால் கூரைத் தகட்டில் வழியும் மழையையே பீப்பாயில் பிடிக்கிறேன். மேலே மறித்த மழையைக் கீழே சிரட்டையால் அளந்து ஊற்றுவதைப் பார்த்து அம்மா சிரிப்பா. கடற்கரையில் நாகதாளிக்கு யார் கூரை போட்டது என்று கேட்பா. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மாசியில் கவனம் வேண்டும். மப்பு விலகியதும் சந்தோஷத்தில் நேரே வெயிலில் தூக்கி வைத்தால் தோல் கருகி, மண்ணிறத் தழும்பு நிரந்தரமாக நிற்கும். நான் ஒரு கிழமைக்குப் பழைய வேட்டியைத் தகட்டின் மேல் விரித்து விடுவேன்.

இன்னொன்று: விற்பனைக்கு வரும் முள்ளுச்செடி எல்லாம் கள்ளிக் குடும்பம் அல்ல. பெயரில் கள்ளி இருந்தாலும் சதுரக்கள்ளி அந்தக் குடும்பம் இல்லை; அதைக் கீறினால் பால் வரும், கண்ணில் பட்டால் ஆபத்து. கள்ளிக் குடும்பத்து நாகதாளியில் பால் வராது.

குறை என்றால் ஒன்றுதான். ரெபூட்டியா என்ற சின்ன இனம் நல்ல குளிரில் காய்ந்து உறங்கினால்தான் ஒழுங்காகப் பூக்கும். மச்சாளுடையது வருசா வருசம் செக்கச் செவேலென்று பூத்துப் படமாக வருகிறது. இங்கே தைப் பனியிலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. என்னுடையது இதுவரை ஒரு மொட்டும் வைக்கவில்லை. பிறிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். மரக்கறி வைக்க இடமில்லை என்று அம்மா கதவைச் சாத்திவிட்டா.