ஜெர்மனியில் நல்ல மரம் எங்கே கிடைக்கும்? சில வருடப் புழக்கத்தில் தெரிந்தவை

மியூனிக்கில் ஒரு நிலவறையை (இங்கே பெரும்பாலான அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே ஆளுக்கொரு அறை உண்டு) பட்டறையாக்கி, சில வருடமாக மேசை, அலமாரி, நாற்காலி என்று செய்துகொண்டிருக்கிறேன். புதிதாக வருகிற நண்பர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "பைன் பலகையைத் தவிர இந்த ஊரில் வேறு மரமே கிடைக்காதா?"

கிடைக்கும். ஆனால் எல்லோரும் முதலில் போகும் பவ்மார்க்ட்டில் (வீடு கட்டும் சாமான் விற்கும் கடை) கிடைக்காது. ஹார்ன்பாக், ஓபி, பவ்ஹவுஸ் மாதிரியான அந்தப் பெரிய கடைகளில் கட்டுக்கட்டாக அடுக்கியிருப்பது பெரும்பாலும் ஸ்ப்ரூஸ், பைனைப் போன்ற மென்மரம். கடின மரம் வேண்டுமென்றால் பீச்சும் ஓக்கும் உண்டு, அதுவும் குறுகிய சட்டங்களை ஒட்டிச் செய்த பலகையாக, 18 அல்லது 27 மில்லிமீட்டர் கனத்தில். அலமாரிக்கு இது தாராளமாகப் போதும். சொன்ன அளவுக்கு அறுத்தும் தருவார்கள். நாற்காலிக் கால், மேசைச் சட்டம் என்று வந்துவிட்டால் அந்தக் கடையில் வேலை இல்லை.

நம்மூர் மரவாடிக்கு ஈடான இடம் ஊருக்கு வெளியே இருக்கும் அறுவை மில்தான். பவேரியாவில் சின்னச் சின்ன மில்கள் இன்னும் ஓடுகின்றன. அடிமரத்தை மேலிருந்து கீழ்வரை பலகை பலகையாக அறுத்து, இடையிடையே குச்சி வைத்து, மரத்தில் இருந்த வரிசையிலேயே திரும்ப அடுக்கி வைத்திருப்பார்கள். இரண்டு ஓரத்திலும் பட்டை அப்படியே இருக்கும். ஒரே மரத்தின் பலகைகள் அடுத்தடுத்து இருப்பதால் நிறமும் ரேகையும் ஒத்துப்போகும். மேசைப்பலகை ஒட்டுபவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

விலைதான் முதலில் குழப்பும். நமக்குக் கன அடியில் பழக்கம், இங்கே கன மீட்டர். ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 35.3 கன அடி. 3 மீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம், 26 மில்லிமீட்டர் கனமுள்ள பலகை 0.0234 கன மீட்டர், அதாவது முக்கால் கன அடிக்குக் கொஞ்சம் மேல். சொல்லும் விலையில் 19 சதவீத வரி சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தச்சர்களுக்கே விற்றுப் பழகியவர்கள் வரி இல்லாத விலையைத்தான் சொல்வார்கள். பட்டை, வெள்ளை (பட்டையை ஒட்டிய வெளிறிய மரம்), வெடிப்பு, கணு எல்லாம் கழித்தால் வாங்கியதில் பாதிதான் வேலைக்கு ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. அப்படியும் சட்டங்களை ஒட்டிய நல்ல பலகை வாங்குவதைவிட எனக்குச் செலவு குறைவாகவே வந்திருக்கிறது.

ஈரத்தைக் கட்டாயம் கேளுங்கள். வெளியில் அடுக்கிக் காற்றில் காய்ந்த மரத்தில் 15 சதவீதத்துக்குக் குறையாமல் ஈரம் நிற்கும். சூளையில் காய்ந்தது 8 முதல் 12. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டின் காற்று நம்மூர்ச் சித்திரை வெயிலைவிட மோசமாக மரத்தின் ஈரத்தை உறிஞ்சும். காற்றில் காய்ந்ததை வாங்கி நேராக மேசை செய்தால் ஜனவரியில் மூட்டெல்லாம் வாய் பிளக்கும். நான் வாங்கியதும் நிலவறையில் குச்சி வைத்து அடுக்கி, சில வாரம் தொடாமல் விடுவேன். சின்ன ஈரமீட்டர் ஒன்று கையில் இருந்தால் மில்காரரிடம் வாதாட வேண்டியதில்லை.

சரி, மரம் வந்துவிட்டது. அடுத்த முட்டுக்கட்டை இழைப்பு. என்னைக் கேட்டால் மரம் எங்கே கிடைக்கும் என்பதைவிட, அதை எங்கே இழைப்பது என்பதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும். கரடுமுரடான, லேசாக முறுக்கிய, இரண்டரை மீட்டர் ஓக் பலகையைக் கை இழைப்புளியால் சமன் செய்வது ஒருநாள் ஆசைக்குச் சரி. ஆறு பலகைக்கு முதுகு போய்விடும். பெரிய இயந்திரத்தை வீட்டில் ஓட்டவும் முடியாது. ஞாயிற்றுக்கிழமையும் இரவு பத்து மணிக்கு மேலும் சத்தம் கூடாது. பல குடியிருப்புகளில் மதியம் 1 முதல் 3 வரையும் அமைதி நேரம்.

இதற்குத் தீர்வு, யாரும் பணம் கட்டிப் பயன்படுத்தக்கூடிய திறந்த பட்டறைகள். மியூனிக்கின் ஹைட்ஹவுஸன் பகுதியில் 1987இல் தொடங்கிய 'ஹவுஸ் டெர் ஐகன்ஆர்பைட்' அப்படிப்பட்டது. பெரிய நகரங்கள் பலவற்றில் இதுபோல் உண்டு. ரம்பம், இழைப்பு இயந்திரம் எல்லாம் இருக்கும், தெரியாததைச் சொல்லித்தர ஆளும் இருப்பார்கள். நான் பலகைகளை அங்கே கொண்டுபோய் இழைத்து, 26 மில்லிமீட்டரை 20 அல்லது 21 ஆக்கி எடுத்துவந்து, மீதி வேலையை வீட்டில் கையால் முடிக்கிறேன். பக்கத்தில் தச்சுப் பட்டறை இருந்தால் அங்கேயும் கேட்டுப் பார்க்கலாம். வேலை குறைவான நேரத்தில் போய், காபி உண்டியலில் ஒரு நோட்டைப் போட்டால் பலர் இழைத்துத் தருவார்கள்; துண்டு மரமும் கிடைக்கும். வால்நட், செர்ரி துண்டுகள் எனக்கு இப்படித்தான் சேர்ந்தன.

எந்த மரம்? பீச்சு மலிவு, கெட்டி, ரேகை சீர். பொம்மைக்கும் ஸ்டூலுக்கும் பொருந்தும். ஆனால் ஈரத்துக்குத் தகுந்தபடி தேக்கைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கி விரியும்; அகலமான மேசைப்பலகைக்கு நான் அதைத் தொடுவதில்லை. ஆஷ் எனக்குப் பிடித்தது. ஓக்கின் அழகு இருக்கும், இழைப்புளிக்கு இணங்கும். பூஞ்சை நோய் வந்து ஐரோப்பாவின் ஆஷ் மரங்கள் சாய்ந்துகொண்டிருக்கின்றன என்பதுதான் வருத்தம்.

ஓக் பற்றி ஒன்று. அதன் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் கருநீலமாகிவிடும். ஈரக்கை, இரும்புத் தூள், ஒட்டும்போது வழியும் பசை, இறுக்கும் கிளாம்ப்பின் இரும்புக் கம்பி, எல்லாமே கறை வைக்கும். கிளாம்ப்புக்கும் பலகைக்கும் நடுவே பேக்கிங் தாள் வைத்தால் தப்பிக்கலாம். இரும்புக் கம்பளியால் ஓக்கைத் தேய்க்கவே தேய்க்காதீர்கள்.

தேக்கு ஏக்கம் எல்லோருக்கும் உண்டு. பால்கனி பெஞ்சுக்குத் தேக்குதான் வேண்டுமென்று அடம்பிடிப்பவர்கள் ரோபினியாவை ஒருமுறை பாருங்கள். மஞ்சள் கலந்த பழுப்பு, மழையில் கிடந்தாலும் எளிதில் மக்காது, ஜெர்மனியின் குழந்தைகள் விளையாட்டுத் திடல்களில் வளைந்து நெளிந்து நிற்கும் கம்பங்கள் பெரும்பாலும் இந்த மரம்தான். நேரான நீளப் பலகை மட்டும் கிடைப்பது சிரமம். ஊரிலிருந்து தோதகத்தி (ரோஸ்வுட்) துண்டு கொண்டுவர நினைத்தால் யோசியுங்கள்: 2017 முதல் அந்தப் பேரினம் முழுவதும் சைட்டிஸ் (அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் இருக்கிறது, அனுமதிக் காகிதம் இல்லாமல் சுங்கத்தில் மாட்டும்.

கருவிகளுக்குப் பழைய பொருள் சந்தையே போதும். கிளைன்அன்ஸைகன் என்ற இணையதளத்தில் உல்மியா தச்சு மேசை, ஈ.சி.ஈ. மர இழைப்புளி, ரெம்ஷைடில் செய்த கிர்ஷன் உளி எல்லாம் அடிக்கடி வரும். பெரும்பாலும் தாத்தாவின் பட்டறையைக் காலி செய்யும் பேரப்பிள்ளைகள் விற்பது. தச்சு மேசையை நேரில் பார்த்து, வைஸின் (மரத்தை இறுக்கும் பிடி) திருகு ஓடுகிறதா, பலகை குழிந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்து வாங்குங்கள். ஜப்பான் ரம்பம், தீட்டுக்கல் மாதிரி சாமான்களுக்கு டிக்டும் கடை நன்றாக இருக்கிறது, விலைதான் கொஞ்சம் அதிகம்.

அப்புறம் தூசி. ஓக், பீச்சுத் தூசி மூக்குப் புற்றுநோயோடு தொடர்புள்ளது என்பதால் ஜெர்மனியில் பட்டறைகளுக்குக் கடுமையான விதி உண்டு. சாதாரண வீட்டு வேக்குவம் போதாது. 'எம்' (M) வகுப்பு என்று குறித்த தூசி உறிஞ்சியை வாங்குங்கள், நிலவறையில் சன்னல் சின்னதாக இருந்தால் முகமூடியும் வேண்டும்.