பழைய காருக்கு டிடி-830 மீற்றர்: எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது

கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கிற, வோல்டும் அம்பியரும் அளக்கிற சின்ன மஞ்சள் மீற்றர்தான் டிடி-830. பழைய சன்னி, கேஈ-70 கொரொல்லா, மொறிஸ் மைனர் வைத்திருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் ஒரு 21 வோட் சிக்னல் பல்பும் ஹோல்டரும் சேர்த்தே எடுங்கள். பல்ப் இல்லாவிட்டால் இந்த மீற்றர் உங்களை வீணாக அலைய விடும்.

வோல்ட் அளக்கும்போது மீற்றர் கரண்டை இழுப்பதே இல்லை என்று சொல்லலாம். அதனால் ஒரேயொரு இழை மிஞ்சிய வயரிலும், பச்சை பிடித்த பியூஸ் கிளிப்பிலும் 12 வோல்ட் என்றே காட்டும். ஹெட்லைட் மட்டும் எரியாது. அதே இடத்தில் பல்பைக் கொடுத்தால் அது 1.75 அம்பியர் கேட்கும். வயர் நொந்திருந்தால் மங்கி எரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

மீற்றர் அருமையாக உதவுவது எர்த் சோதனைக்கு, அதாவது பற்றரியின் மைனஸ் எஞ்சினோடு நன்றாக இணைந்திருக்கிறதா என்று பார்க்க. எஞ்சின் ஸ்டார்ட் ஆகாதபடி இக்னிஷன் கொயிலின் வயரைக் கழற்றிவிட்டு, டயலை 20 வோல்டில் வையுங்கள். சிவப்பு முனை எஞ்சின் புளொக்கில், கறுப்பு முனை பற்றரியின் மைனஸ் முனையிலேயே, கிளாம்பில் அல்ல. ஒருவர் ஸ்டார்ட்டரைச் சுற்றட்டும். 0.2 வோல்டுக்குள் நின்றால் நல்லது. 0.5ஐத் தாண்டினால் ஸ்டார்ட்டரைக் கழற்றாதீர்கள்; எர்த் பட்டியின் இரண்டு முனைகளையும் கிளாம்பையும் எமரித்தாளால் வெள்ளை தெரியத் தேய்த்து இறுக்குங்கள். பழைய மொறிஸில் பிளஸ்தான் எர்த் என்பதால் முனைகள் மாறும்.

இரவில் பற்றரி இறங்குகிறதா? அவசரப்பட்டு மீற்றரைத் தொடராக (கரண்ட் அதனூடே ஓடும்படி) போடவேண்டாம். இதன் 10 அம்பியர் துளைக்கு உள்ளே பியூஸ் கிடையாது. முதலில் கழற்றிய மைனஸ் கேபிளுக்கும் பற்றரிக்கும் இடையில் பல்பைப் போடுங்கள். பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷோர்ட். எரியாவிட்டால் மட்டும் அதே இடத்தில் மீற்றர். 0.05 அம்பியருக்குள் இருக்கவேண்டும், 0.3 காட்டினால் 60 அம்பியர்-மணி பற்றரி எட்டு நாளில் காலி. பியூஸ்களை ஒவ்வொன்றாக இழுத்தும் குறையவில்லையென்றால், பற்றரியைக் கழற்றிவிட்டு ஓல்டர்னேற்றரின் தடித்த வயரைப் பிரித்து மறுபடி பாருங்கள். அதற்குள் இருக்கும் டயோட் கசிவதுண்டு.

குறை இரண்டு. முனை வயர்கள் மெல்லியவை, பிடியடியில் உள்ளே அறும். மீற்றருக்குள் இருக்கும் 9 வோல்ட் பற்றரி இறங்கினால் அளவு கூடுதலாகக் காட்டும்; 13.8 என்று பார்த்து சார்ஜ் ஏறுகிறது என்று நினைத்துவிடுவீர்கள். பற்றரிக் குறி திரையில் வந்தவுடனேயே மாற்றுங்கள்.