தூண்டிலுக்கு மண்புழுவா, சிறுமீனா?

மேட்டூர் பக்கம் புதிதாகத் தூண்டில் போட வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்.

செலவு: மண்புழுவுக்கு ஈர மண்ணைக் கிளறினால் போதும். சிறுமீனை முதலில் பிடித்தாக வேண்டும். அதிலேயே பாதிக் காலை போய்விடும்.

தாக்குப்பிடிப்பது: புழுவைப் பொடிமீன்கள் கொத்தியே காலி செய்துவிடும். கெண்டைக் குஞ்சு முள்ளில் நெடுநேரம் துடிக்கும், ஆனால் வாளித் தண்ணீர் சூடேறினால் செத்துவிடும்.

மாட்டுவது: புழுவுக்கு ஜிலேபி, கெளுத்தி. சிறுமீனுக்கு விரால், வாளை.

சரி, இதையெல்லாம் விட முக்கியம், அந்த நீரில் பொடிமீன் எவ்வளவு இருக்கிறது என்பது. கூட்டம் கூட்டமாகத் திரிந்தால் வாளைக்கு வயிறு நிறைந்திருக்கும். ஆயிரத்தில் ஒன்றான உங்கள் இரையை ஏன் கவ்வ வேண்டும்? குறைவாக இருந்தால் பாய்ந்து கவ்வும். ஆனால் அந்தப் பசி நீடிப்பது நல்லதல்ல. வட அமெரிக்காவின் ஹியூரான் ஏரியில் 2003-04 வாக்கில் ஏல்வைஃப் என்ற இரைமீன் அடியோடு சரிந்தது. அதையே நம்பியிருந்த சினூக் சால்மன் மெலிந்து, எண்ணிக்கையிலும் வீழ்ந்தது. அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன், இரைக்கென்று கொசுவலை போட்டுக் குஞ்சுகளை அள்ளாதீர்கள். நாலைந்து போதும்.

பிள்ளைகளோடு போகிறீர்களா, இரவுக் குழம்புக்கு ஏதாவது கிடைத்தால் சரியா? புழு. விரால்தான் வேண்டும், வெயிலில் காத்திருப்பேன் என்பவருக்குச் சிறுமீன். பொடிமீன் மண்டிக்கிடக்கும் நாளில் மட்டும் அவரும் கூட்டத்தின் நடுவே போடாமல், அதன் ஓரமாகப் போடட்டும்.