எல்க் வேட்டைக்கு எந்த எடை ரைபிள்: 2.2 கிலோவா, 2.9 கிலோவா, 3.9 கிலோவா?

கொலராடோ மலைகளில் எல்க் மான் வேட்டை பல சமயம் 2,700 மீட்டருக்கு மேலேதான். நாள் முழுக்கச் சுமந்து ஏறுவது, கடைசியில் ஒரே ஒரு முறை சுடுவதற்காக. ஏறும்போது எடை குறைந்த ரைபிள் வரம். சுடும்போது அதே ரைபிள் விடாப்பிடியாகக் கணக்குக் கேட்கும். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) இல்லாமல் கிம்பர் மவுண்டன் அசென்ட் சுமார் 2.2 கிலோ, டிக்கா டி3எக்ஸ் லைட் சுமார் 2.9, கனத்த பேரல் (குழல்) கொண்ட ரெமிங்டன் 700 செண்டெரோ சுமார் 3.9.

முதல் வித்தியாசம் உதை, அதாவது சுடும்போது ரைபிள் தோளில் பின்னோக்கி இடிப்பது. ஒரே தோட்டா என்றால், எடை குறையும் அதே விகிதத்தில் உதையின் ஆற்றல் கூடும். .308 வின்செஸ்டர் தோட்டாவில் 150 கிரெயின் (சுமார் 9.7 கிராம்) குண்டு சுட்டால், ஸ்கோப்போடு 4.5 கிலோ இருக்கும் ரைபிள் ஏறக்குறைய 17 ஜூல் உதைக்கும். 3.4 கிலோ என்றால் 22, 2.7 கிலோ என்றால் 28. அதே 2.7 கிலோவில் .300 வின் மேக் (வின்செஸ்டர் மேக்னம் என்ற அதிக வெடிமருந்துத் தோட்டா) போட்டால் 50 ஜூலைத் தாண்டிவிடும். அந்த உதைக்குப் பயந்து பயிற்சியைக் குறைப்பவர்கள்தான் அதிகம். விசையை அழுத்தும் முன்பே தோள் சுருங்கும், குண்டு தாழப் போகும். மிக இலேசான ரைபிளில் மேக்னம் தோட்டா வேண்டவே வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. குழல் முனையில் மசில் பிரேக் (வெடிவாயுவைப் பக்கவாட்டில் திருப்பும் துளைக் குழாய்) பூட்டினால் உதை நன்றாகக் குறையும். ஆனால் சத்தம் பக்கவாட்டில் திரும்பும். காதுக்கவசம் இல்லாமல் ஒரு தடவை சுட்டாலே செவித்திறன் பாதிக்கலாம்.

இரண்டாவது, கையில் நிற்காத தன்மை. மூச்சும் இதயத் துடிப்பும் 2.2 கிலோ ரைபிளைச் சுலபமாக ஆட்டும். விசையின் இழுவையும் (அதை அழுத்தத் தேவையான பலம்) இங்கே முக்கியம்: 1.8 கிலோ இழுவை, செண்டெரோவை அசைப்பதைவிட அசென்ட்டை அதிகம் அசைக்கும். 1.1 முதல் 1.4 கிலோவுக்குள் வைப்பது நல்லது. சுடும்போது முன்கட்டையை (பேரலுக்குக் கீழே இருக்கும் முன்பிடி) சும்மா பையின் மேல் வைக்காமல், இடக்கையால் மெதுவாகக் கீழே இழுத்துப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் குண்டு வெளியேறும் முன்பே ரைபிள் துள்ளத் தொடங்கிவிடும்.

மெல்லிய பேரல் சீக்கிரம் சூடாகும். மூன்று முறை சுட்டதும் நான்காவது குண்டு இடம் மாறினால் ரைபிளைக் குறை சொல்லாதீர்கள்; பத்து நிமிடம் ஆறவிடுங்கள். வேட்டைக்குத் தேவை குளிர்ந்த பேரலின் முதல் குண்டு எங்கே விழுகிறது என்பதுதான். வெவ்வேறு நாட்களில் ஒரே தாளில் ஒவ்வொரு குண்டாகச் சுட்டுப் பாருங்கள். செண்டெரோவின் கனத்த 26 அங்குலப் பேரலுக்கு இந்தத் தொல்லை குறைவு, வேகமும் முழுதாகக் கிடைக்கும். ஆனால் செங்குத்துச் சரிவில் அதைத் தூக்கிக்கொண்டு போவது தண்டனை.

இலேசான பிளாஸ்டிக் ஸ்டாக்கில் (ரைபிளின் பிடிக்கட்டை) கவனிக்க வேண்டிய ஒன்று: பேரலுக்கும் முன்கட்டைக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டைச் செருகி, பைபாடில் (இரண்டு கால் தாங்கி) வைத்து முன்னோக்கி அழுத்துங்கள். காகிதம் சிக்கினால் முன்கட்டை வளைந்து பேரலைத் தொடுகிறது. குறி மாறும், எவ்வளவு மாறும் என்பது நீங்கள் அழுத்தும் அழுத்தத்தைப் பொறுத்தது.

பெரும்பாலானோருக்கு நான் டிக்காவின் எடையைத்தான் சொல்வேன். தோட்டா 6.5 கிரீட்மூர் அல்லது .308, அதன்மேல் 350 கிராம் அளவிலான ஸ்கோப். பலர் ரைபிளில் 700 கிராம் குறைக்கக் கூடுதல் பணம் கொடுத்துவிட்டு 800 கிராம் ஸ்கோப்பைப் பூட்டுகிறார்கள். காசும் போச்சு, முன்னும் பின்னும் எடைச் சமநிலையும் போச்சு. அசென்ட் வகை, நாள்கணக்கில் முதுகில் முகாமையே சுமந்து மலை ஆட்டைத் தேடுபவருக்கும், ஆண்டு முழுக்கப் பயிற்சி எடுப்பவருக்கும் மட்டும்.

பழைய டிக்கா டி3 கைமாற்றாக வந்தால் ஸ்டாக்கைக் கழற்றி உதைத் தாங்கியை (உதையை ஸ்டாக்குக்குக் கடத்தும் உலோகத் துண்டு) பாருங்கள். அதில் அது அலுமினியம். மேக்னம் உதையில் நசுங்கித் தடம் விழுந்திருக்கலாம். டி3எக்ஸில் எஃகுக்கு மாற்றிவிட்டார்கள். பழையதற்கும் எஃகுத் தாங்கி தனியாகக் கிடைக்கிறது. மாற்றிய பிறகு திருகுகளை டார்க் ரெஞ்சால் (முறுக்கு அளவைக் காட்டும் சாவி) முறுக்கி, குறியைப் புதிதாகச் சரிபார்த்துவிட்டே மலையேறுங்கள்.