கிளவுடை மறுபடி பார்த்தேன்: அட்வென்ட் சில்ட்ரன் கம்ப்ளீட்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஃபைனல் ஃபேன்டஸி 7 கேமை இன்னும் முடிக்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தக் கேமில் நடக்கும் மிகப் பெரிய விஷயத்தைத் தொடாமல், அதன் தொடர்ச்சியாக வந்த அட்வென்ட் சில்ட்ரன் என்ற இந்த அனிமேஷன் படத்தைப் பற்றிப் பேசவே முடியாது.

1997இல் பிளேஸ்டேஷனுக்கு மூன்று டிஸ்க்குகளாக வந்த கேம் அது. நானும் அண்ணனும் சில வருடம் கழித்துத்தான் ஆடினோம். கன்ட்ரோலர் அவன் கையில், வசனத்தை வாய்விட்டுப் படிப்பது என் வேலை, ஏனென்றால் அதில் யாருக்கும் குரல் கிடையாது, எல்லாம் எழுத்துதான். முதல் டிஸ்க்கின் கடைசியில் வில்லன் செஃபிரோத் மேலிருந்து இறங்கி வந்து, நம் கூடவே பயணம் செய்த ஏரித்தை வாளால் குத்துவான். அவள் கூந்தலில் இருந்த வெள்ளை மெட்டீரியா என்ற மந்திரக் கல் படிக்குப் படி துள்ளிப் போய்த் தண்ணீரில் விழும். உடனே ஜெனோவா என்ற அரக்கப் பிறவியோடு சண்டை தொடங்கிவிடும், ஆனால் சண்டைக்கான இசை வராது, ஏரித்தின் மெட்டுதான் ஓடிக்கொண்டே இருக்கும். அண்ணன் பட்டனை அழுத்த மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தான், அடிமேல் அடி விழுந்துகொண்டிருந்தது.

அப்புறம் கேம் முடிந்தது, உலகம் பிழைத்தது, திரையில் 500 வருடம் ஓடிவிட்டது, அவ்வளவுதான். கதாநாயகன் கிளவுட் அந்தத் துக்கத்தை எப்படித் தாங்கினான் என்று கேம் காட்டவே இல்லை. 2005இல் வந்த அட்வென்ட் சில்ட்ரன் அந்த இடத்தில்தான் கை வைக்கிறது. கேமில் வில்லன்களுக்கும் நாயகர்களுக்கும் உருவம் வரைந்த டெட்சுயா நோமுராவே இயக்குநர், கதையை எழுதியது கேமின் கதையிலும் பங்கு கொண்ட கசுஷிகே நோஜிமா. வெளி ஆள் யாரோ வந்து எடுத்த படம் இல்லை, அது முதல் காட்சியிலேயே தெரிந்துவிடும்.

கேம் முடிந்து இரண்டு வருடம் ஆகியிருக்கிறது. கேமில் வந்த பெருநகரம் மிட்கார் இடிந்து கிடக்கிறது, அதன் ஓரத்தில் எட்ஜ் என்று புது ஊர் முளைத்திருக்கிறது. ஜியோஸ்டிக்மா என்ற நோய் குழந்தைகளைப் பிடித்து ஆட்டுகிறது. கிளவுட் பைக்கில் பார்சல் கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைக்கிறான், அவன் இடது கையிலும் அதே நோய், அதைத் துணியால் மறைத்துக்கொண்டு, தோழி டீஃபாவின் போனைக்கூட எடுக்காமல், ஏரித் பூ வளர்த்த பாழடைந்த சர்ச்சில் போய்த் தனியாகத் தங்குகிறான். கேமிலேயே தேறிவிட்ட ஆளை மறுபடி ஏன் இப்படிச் சுருண்டு படுக்க வைத்தார்கள் என்று சில நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உலகத்தைக் காப்பாற்ற ஓடும்போது அழ நேரம் இருக்காது, எல்லாம் ஓய்ந்த பிறகுதான் அழுகை வரும். எங்கள் வீட்டில் தாத்தா போனபோதும் பாட்டி காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகுதான் அழுதாள்.

சண்டைக் காட்சிகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அந்தச் சர்ச்சில் டீஃபாவும் படத்தின் வில்லன்களில் ஒருவனான லோஸும் மோதும் காட்சியை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தேன் என்று கணக்கே இல்லை. கேமில் கட்டை கட்டையான கையோடு, வாய்கூட இல்லாமல் நின்ற பொம்மை டீஃபா, இங்கே பூக்களின் நடுவில் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு நிற்கிறாள். லோஸ் அடி வாங்கி விழுகிறான், பெஞ்சுகள் சரிகின்றன, சத்தம் அடங்குகிறது. அப்போது ஒரு செல்போன் அடிக்கிறது, ரிங்டோன் எது தெரியுமா, கேமில் ஒவ்வொரு சண்டையிலும் ஜெயித்தவுடன் வருமே, அதே வெற்றி மெட்டு! அதை நூற்றுக்கணக்கான முறை கேட்ட எங்களுக்குச் சண்டை முடிந்தது என்று உடம்பே சொல்லிவிட்டது, ஆனால் போன் லோஸுடையது, அவன் எழுந்து நிற்கிறான். கேம் ஆடாதவர்களுக்கு அது வெறும் ரிங்டோன்.

பஹாமுட் என்ற ராட்சத டிராகனை வீழ்த்தக் கிளவுட் மேலே பாயும் காட்சியும் அப்படித்தான். பழைய கூட்டாளிகள் ஒவ்வொருவராக அவன் கையைப் பிடித்து இன்னும் உயரத்துக்கு வீசி எறிகிறார்கள். எல்லோரும் முடிந்த பிறகு, வெளிச்சத்துக்குள் இன்னும் ஒரு கை நீளுகிறது. அது யாருடைய கை என்று படம் சொல்லாது, சொல்லவும் வேண்டாம். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை, நானும் அவன் பக்கம் திரும்பவில்லை.

குறை இல்லாமல் இல்லை. பாரட், சித், வின்சென்ட், யூஃபி எல்லோரும் வந்து ஆளுக்கு நாலு வசனம் பேசிவிட்டுப் போகிறார்கள், மணிக்கணக்கில் கூடவே திரிந்த நமக்கு அது போதாது. லோஸின் கூட்டத் தலைவன் கடாஜ் யார், அவன் தேடும் ரீயூனியன் என்றால் என்ன என்று படம் நின்று விளக்குவதும் இல்லை.

எந்தப் பதிப்பை வாங்குவது? 2009இல் ப்ளூ-ரேயில் வந்த கம்ப்ளீட் பதிப்பைத்தான் வாங்க வேண்டும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சுமார் 26 நிமிடம் கூடுதல். பழைய பதிப்பில் டென்சல் என்ற சிறுவன் ஏதோ ஓரமாக வந்து போவான், இதில் அவன் வலி புரிகிறது. செஃபிரோத்தோடு நடக்கும் கடைசிச் சண்டை நீளமாகி, காயம் காயமாகத் தெரிகிறது, ரத்தமும் அழுக்கும் முகத்தில் ஒட்டியிருக்கிறது. கேமுக்கு இசையமைத்த நோபுவோ உயெமாட்சுவின் செஃபிரோத் இசையை கோரஸும் கிடாருமாகப் புதிதாகச் செய்திருக்கிறார்கள், தயவுசெய்து டிவி ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், நல்ல ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். 2021இல் 4கே டிஸ்க்கும் வந்துவிட்டது. நான் ஜப்பானிய ஒலியில் சப்டைட்டிலோடு பார்த்தேன், வசனம் படித்துப் பழகிய கண்ணுக்கு அதுதான் கேம் மாதிரியே இருந்தது.

2020இல் வந்த ரீமேக்கை மட்டும் ஆடியவர்கள் அவசரப்பட வேண்டாம், அதில் கதை மிட்காரை விட்டு வெளியேறுவதோடு நின்றுவிடுகிறது. பழைய கேமையே ஆடுங்கள், மூன்று டிஸ்க்கையும் முடியுங்கள். ஏரித்தைக் கிளவுட் தண்ணீருக்குள் விடும் காட்சியை நீங்களே பார்த்திருந்தால்தான், படத்தின் முடிவில் சர்ச்சில் தேங்கிய தண்ணீருக்குள் அவன் நின்றுகொண்டு, சுற்றிலும் குழந்தைகள் இருக்க, வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துச் சிரிப்பது ஏன் என்று தெரியும்.