எங்கள் கிராமத் தொடக்கப்பள்ளி: சாய்தளமும் கழிப்பறையும்

நான் கொத்தனார். மூத்தவன் இந்தப் பள்ளியில் படித்தபோது இருந்தது இரண்டே அறைகள். ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆசிரியர். ஒன்பது வருஷம் கழித்து, சக்கர நாற்காலியில் போகும் என் மகளையும் அங்கேயே சேர்த்தேன். இப்போது அவள் நான்காம் வகுப்பு. பள்ளியில் ஆறு அறைகள், நான்கு ஆசிரியர்கள். பிள்ளையைச் சேர்க்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

அவள் சேர்ந்த வருஷமே சாய்தளம் இருந்தது, பெயருக்கு. வராந்தா உயரம் ஒன்றரை அடி, சாய்தளத்தின் நீளமோ 6 அடி. ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் விட வேண்டும் என்பது கணக்கு. ஏற்றும்போது பின்னாலிருந்து ஒருவர் மூச்சைப் பிடித்துத் தள்ள வேண்டும். தலைமை ஆசிரியையிடம் டேப் வைத்து அளந்து காட்டினேன். “இத்தனை நாள் இதைப் போய் வசதி என்று சொல்லிக்கொண்டிருந்தோமே” என்று வருத்தப்பட்டவர், அடுத்த விடுமுறையிலேயே இடித்துக் கட்ட வைத்தார். இப்போது 18 அடி. இரண்டு பக்கமும் கைப்பிடி, சக்கரம் ஓரத்தில் இறங்கிவிடாமல் சின்னக் கட்டு, மேலே நாற்காலியைத் திருப்ப 5 அடிக்கு 5 அடி சமதளம். தரையை வழவழவென்று தேய்க்காமல், ஈரத்திலேயே துடைப்பத்தால் கோடு இழுத்துவிட்டிருக்கிறார்கள். மழையிலும் வழுக்குவதில்லை. மகள் தானாகவே ஏறுகிறாள்.

ஆனாலும் ஒரு பள்ளியைக் கழிப்பறையை வைத்துத்தான் எடைபோடுவேன். முதல் இரண்டு வருஷம் மகள் காலையில் தண்ணீரே குடிக்க மாட்டாள். கொண்டுபோன பாட்டில் அப்படியே திரும்பி வரும். காரணம் தெரிய எனக்குப் பல மாதம் ஆனது. கழிப்பறைக் கதவு உள்பக்கமாகத் திறக்கும். நாற்காலி உள்ளே போனால் கதவைச் சாத்த முடியாது. அந்தக் கூச்சத்தில் பிள்ளை தாகத்தை அடக்கியிருக்கிறாள். போன வருஷம் புதிதாகக் கட்டியதில் 3 அடிக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிறது. பீடத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி, அவள் கைக்கு எட்டும் உயரத்தில் தாழ்ப்பாள். இப்போது பாட்டில் காலியாக வருகிறது.

அவள் வகுப்பில் பார்வை மங்கலான பையன் ஒருவன் இருக்கிறான். அவனுக்காகப் படி விளிம்புகளில் மஞ்சள் பட்டை அடித்திருக்கிறார்கள். கரும்பலகையில் எழுதுவதை டீச்சர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிறார். 1994-இல் ஸ்பெயினின் சலமங்காவில் 92 அரசுகள் கூடி, எல்லாப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் சேர்ந்து படிக்க வழிசெய்ய வேண்டும் என்று அறிவித்ததைத் தலைமை ஆசிரியைதான் எனக்குச் சொன்னார்.

குறை ஒன்று உண்டு. வாசற்கதவிலிருந்து சாய்தளம் வரை சுமார் 40 அடி, வெறும் மண். மழை பெய்தால் முன்சக்கரம் புதைந்துவிடும். நல்ல சாய்தளம் இருந்தும் மகளைத் தூக்கிக்கொண்டுதான் போகிறேன். இரண்டு முறை கேட்டும் ஆகட்டும் என்ற பதிலோடு நிற்கிறது. கல்லும் சிமென்டும் மட்டும் வாங்கிக் கொடுங்கள். கூலி வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை நானே வந்து பாவித் தருகிறேன்.