காம்போவா, டச் மட்டுமா, மவுஸா? பழைய டேப்லெட்டுக்கு எந்த வைத்தியம்

செங்கோட்டையில் சாரல் பிடித்துக்கொண்டால் துவைத்த துணி காய மூன்று நாள் ஆகும். எங்கள் வீட்டு டேப்லெட்டுக்குப் பேய் பிடித்ததும் அப்படி ஓர் ஆடி மாதத்தில்தான். எட்டு வருடப் பழசு, பத்து அங்குலம். அம்மாவுக்கு சீரியல், எனக்குக் கடைக் கணக்கு, அக்கா மகளுக்குப் படம் வரைய என்று மூன்று பேர் கையில் புரண்ட பொருள். திடீரென்று தானாகவே ஆப்களைத் திறந்தது. திரையின் அடியில் இரண்டு விரல் அகலத்துக்குத் தொட்டால் அசையவில்லை. வலது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு பச்சைக் கோடு. அவ்வப்போது படம் சட்டென்று கறுத்தும் போனது.

தென்காசியில் ஒரு கடையில் காட்டினேன். அரை நிமிடம் திருப்பிப் பார்த்துவிட்டு, "டிஸ்பிளே போயிருச்சுண்ணே, காம்போ போட்டுருவோம்" என்றார். டச் கண்ணாடியையும் படம் காட்டும் பகுதியையும் சேர்த்தே மாற்றுவதுதான் காம்போ. 5,500 ரூபாய். மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் புனலூரில் அத்தான் இருக்கிறார். அவர் வீடியோ காலில் ஒரு கடைக்காரரிடம் காட்ட, "டச் மாத்ரமே போயிட்டுள்ளூ" என்று பதில் வந்தது. அது 1,800. அக்கா மகள் சொன்ன வழி, "மவுஸை மாட்டிப் பாருங்க மாமா." புதிதாக ஒன்று வாங்கிவிடு என்று சொன்னவர்களும் உண்டு; அவர்கள் யாரும் பணம் தருவதாகச் சொல்லவில்லை.

இரண்டு கடைக்காரர்களும் பொய் சொல்லவில்லை. நாமும் அவர்களும் எல்லாவற்றையும் 'டிஸ்பிளே' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம், வினை அங்கேதான். மேலே இருப்பது விரலை உணரும் டச் கண்ணாடி. அதன் கீழே படம் காட்டும் எல்சிடி. அதற்கும் பின்னால் வெளிச்சம் தரும் பேக்லைட். மூன்றும் தனித்தனியாகக் கெடும். கூடவே, இவற்றைப் போர்டோடு இணைக்கும் மெல்லிய ஸ்ட்ரிப்பும் கழன்றுகொள்ளும். எது கெட்டது என்று தெரியாமல் விலை கேட்பது, எங்கே வலிக்கிறது என்று சொல்லாமலே மருந்து கேட்பது மாதிரி.

எனவே கடைக்குத் திரும்பப் போகும் முன் வீட்டிலேயே உட்கார்ந்தேன். முதலில் பச்சைக் கோடு. ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அத்தானுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். "கோடு எங்கடே இருக்கு?" என்று கேட்டார். அவர் போனில் கோடு இல்லை என்றால் சாப்ட்வேர் சுத்தம். கோளாறு எல்சிடியில், அல்லது அதன் ஸ்ட்ரிப்பில். ஸ்கிரீன்ஷாட்டிலும் கோடு விழுந்திருந்தால் கதையே வேறு, ரீசெட் வரை யோசிக்கலாம். இந்த ஒரு சோதனைக்குக் காசும் கிடையாது, கழற்றவும் வேண்டாம். ஆனால் எந்தக் கடையிலும் இதைச் செய்து நான் பார்த்ததில்லை.

அடுத்தது தானாக ஆப் திறக்கும் பேய். சார்ஜரைப் பிடுங்கியதும் பேய் இறங்கிவிட்டது. மாட்டினால் மறுபடி ஏறியது. பெட்டியோடு வந்த சார்ஜர் தொலைந்து, பஸ் ஸ்டாண்டில் வாங்கிய ஒன்றைத்தான் ஒரு வருடமாகப் போட்டுக்கொண்டிருந்தோம். டச் கண்ணாடி வேலை செய்வது நம் விரலால் அதன் மின்புலத்தில் ஏற்படும் சிறு மாற்றத்தை வைத்துத்தான். மட்டமான சார்ஜரிலிருந்து வரும் மின் இரைச்சல் அதைக் குழப்பும்; திரையில் ஈரப்பதம் படிந்தாலும் குழம்பும். எங்கள் ஊர்ச் சாரலில் இரண்டும் சேர்ந்துகொண்டன. வேறொரு நல்ல சார்ஜரில் போட்டபோது ஒரு சத்தமும் இல்லை. சார்ஜரைக் கழற்றியும் பேய் ஆடுகிறது என்றால் சேஃப் மோடில் போட்டுப் பாருங்கள். நாம் ஏற்றிய ஆப்கள் அதில் ஓடாது. அங்கேயும் ஆடினால் பெரும்பாலும் கண்ணாடிதான்.

திரை கறுத்துப் போனதற்கான காரணம் சிரிப்பாகிவிட்டது. மடக்கும் கவரில் காந்தம் இருக்கிறது. மூடினால் திரை அணைய அதுதான் ஏற்பாடு. அம்மா கவரை முழுக்கப் பின்னால் மடித்துப் பிடிப்பார். காந்தம் நழுவி உணரி இருக்கும் இடத்துக்கு வந்ததும், மூடிவிட்டார்கள் என்று நினைத்துத் திரை தூங்கிவிடும். கவரைக் கழற்றியதும் சரி. உண்மையிலேயே கறுத்துக் கிடக்கும் திரை என்றால் இருட்டறையில் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் எல்சிடி உயிரோடு இருக்கிறது, போனது வெளிச்சம் மட்டும்.

மிச்சம் அடியில் செத்த பட்டை. ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் இருக்கும் 'பில்டு நம்பர்' மேல் 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் 'பாயின்டர் லொகேஷன்' என்று ஒன்று. அதைப் போட்டதும் விரல் போகும் வழியெல்லாம் திரையில் கோடு விழும். மேலிருந்து கீழே இழுத்தேன். பத்து முறையும் கோடு ஒரே உயரத்தில் வந்து, கத்தரித்ததுபோல் நின்றது. அங்கும் இங்குமாக விட்டுவிட்டு நின்றிருந்தால் அழுக்கு, ஈரம், ஸ்கிரீன் கார்டு என்று சந்தேகிக்கலாம். ஒரே வரியில் நின்றால் கண்ணாடி அல்லது ஸ்ட்ரிப்.

சரி, இப்போது விலைகளுக்கு வருவோம். காம்போ போட்டால் பச்சைக் கோடும் போய்விடும், அதுதான் அதன் ஒரே பெருமை. ஆனால் எட்டு வருட மாடலுக்குக் கம்பெனிப் பொருள் கிடைப்பது அரிது. வருவது காப்பியாக இருக்கும், இல்லையென்றால் வேறு செட்டில் கழற்றியதாக இருக்கும். பசை ஒட்டும் முன் மாட்டிக் காட்டச் சொல்லி, வெளிச்சத்தையும் நாலு மூலை டச்சையும் பார்த்துவிடுவது நல்லது.

டச் மட்டும் மாற்ற முடியுமா என்பது டேப்லெட்டின் கட்டமைப்பைப் பொறுத்தது. விரல் நகத்தால் கண்ணாடியைத் தட்டிப் பாருங்கள். உள்ளே காலியாக இருப்பதுபோல் 'டொக்' என்றால் கண்ணாடிக்கும் எல்சிடிக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது, தனியாக மாற்றலாம். படம் கண்ணாடியின் மேலேயே ஒட்டியிருப்பதுபோல் தெரிந்தால் இரண்டும் ஒன்றாக ஒட்டப்பட்டவை. 2014-ல் வந்த ஐபேட் ஏர் 2 அந்த ரகம். அதற்கு காம்போதான் நடைமுறை. எங்களுடையது 'டொக்' ரகம். இதிலும் ஆபத்து உண்டு. சூடு காட்டிக் கண்ணாடியைக் கிளப்பும்போது கீழே எல்சிடி விரிசல் விட்டால் யார் பொறுப்பு என்பதைக் கொடுக்கும்போதே பேசிவிட வேண்டும்.

மவுஸை நான் முதலில் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். மவுஸை டேப்லெட்டோடு இணைக்கும் ஓடிஜி கேபிளையும் சேர்த்து சில நூறு ரூபாய். மாட்டினதும் அம்பு வந்தது, செத்த பட்டையிலும் தாராளமாக நடமாடியது. ஐபேடில் என்றால் 2019-ல் வந்த ஐபேட்ஓஎஸ் 13 முதல் இந்த வசதி உண்டு. டச் முழுக்கப் போன செட்டில் பேட்டர்ன் போட்டுத் திறந்து போட்டோக்களை மீட்கவும் இதுதான் வழி. வேறு எதைத் தேர்ந்தெடுத்தாலும் இதை முதலில் செய்துவிடுங்கள். மூன்று வாரம் அம்மா சீரியல் பார்த்தது இப்படித்தான், தலையணை மேல் மவுஸை ஓட்டிக்கொண்டு.

என் ஓட்டு புனலூருக்கு. 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூரிலும், பிறகு வந்த திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்ததால் சொந்தத்தில் பாதி மலைக்கு அந்தப் பக்கம்தான்; போவதற்குச் சாக்கு தேவையில்லை. ரயிலில் ஆரியங்காவு வழியாகப் போனேன். கடைக்காரர் கவரை ஒதுக்கிவிட்டு டேப்லெட்டைக் கண்ணாடி மேசையில் மல்லாக்க வைத்தார். ஒரு மூலையை விரலால் அழுத்தினார். எதிர் மூலை எழுந்தது. மெதுவாகச் சுழற்றிவிட்டார், பம்பரமாகச் சுற்றியது. அத்தானிடம் ஒரே சொல்: "பேட்டரி."

உப்பியிருந்தது. இத்தனை சோதனை செய்த எனக்கு இது தோன்றவில்லை. முதலில் செய்திருக்க வேண்டியதே இதுதான், ஏனென்றால் உப்பின லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது. பார்த்த நிமிடமே சார்ஜ் போடுவதை நிறுத்த வேண்டும். அமுக்கிச் சமன் செய்வதோ, ஊசியால் குத்துவதோ கூடவே கூடாது. உள்ளே திறந்தபோது பேட்டரி மேலே தள்ளியதில் டச் ஸ்ட்ரிப் சாக்கெட்டில் பாதி கழன்று நின்றது. புது பேட்டரி வைத்து, ஸ்ட்ரிப்பை அழுத்தி மாட்டியதும் செத்த பட்டை பிழைத்துக்கொண்டது. டச் கண்ணாடி வாங்கவே இல்லை, 1,400 ரூபாயோடு முடிந்தது. எல்லாருக்கும் இப்படி வாய்க்காது, பட்டையாகச் சாகும் டச்சுக்குப் பெரும்பாலும் கண்ணாடி மாற்றத்தான் வேண்டியிருக்கும்.

பச்சைக் கோடு அப்படியே இருக்கிறது. அதற்காக 5,500 கொடுக்க எனக்கு மனசில்லை. மவுஸைக் கேட்டேன், கடைக் கணக்குக்கு ஆகும் என்று. அம்மா தரவில்லை.